முதுகில் எபிடியூரல் குழாய் இருக்கும் நாட்களில்: நோயாளிக்கும் கூட நிற்பவருக்கும்

பெரிய வயிற்று ஒப்பரேசனுக்குப் பிறகு முதுகில் நூல்போல ஒரு குழாயைச் செருகி ஒட்டிப் பம்பில் பூட்டியிருப்பார்கள். விறைப்பு மருந்து (பெரும்பாலும் புப்பிவகெயின், சிறிது பென்டனைல் கலந்து) அதன் வழியாகப் போய்க்கொண்டிருக்கும். வழமையாக 2 முதல் 4 நாள். இருமவும் எழும்பி நடக்கவும் ஏலவேண்டும் என்றுதான் இதைப் போடுவது. ஆகவே நோவு 10க்கு எத்தனை என்று மிஸ் (தாதி) கேட்டால், இருமிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். படுத்திருக்க 2, இருமினால் 7 என்றால் மருந்து காணாது. ஒரு பக்கம் விறைத்து மறுபக்கம் நோவெடுத்தால் குழாயின் நுனி ஒதுங்கியிருக்கக்கூடும். டொக்டர் அதைச் சற்று வெளியே இழுத்துச் சரிப்படுத்துவார். பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்க வேண்டாம்.

விழித்திருக்கும்போது மணிக்கு 10 தரம் ஆழமாக மூச்செடுங்கள். தலையணையைக் காயத்தின்மேல் அமத்திப் பிடித்து இருமுங்கள். சளி தேங்கினால் நிமோனியாவுக்கு வழி.

எழும்பும்போது முழங்காலை மடித்துப் பக்கவாட்டில் உருண்டு, காலைத் தொங்கவிட்டு 2, 3 நிமிடம் இருங்கள். இந்த மருந்து பிரசரை இறக்கும். சடாரென எழும்பினால் தலை சுற்றும். முதல் தரம் மிஸ் பக்கத்தில் நிற்கவேண்டும்.

வயிறு ஊதிக் கிடக்கிறதே என்று அம்மாவோ உம்மாவோ ஒத்தணம் கொடுக்க வருவார்கள். வேண்டாம். விறைத்த தோலுக்குச் சூடு தெரியாது, வெந்துவிடும். உடம்பு கடித்தால் (அரித்தால்) அது பென்டனைலின் வேலை. சொன்னால் மருந்து உண்டு.

கூட நிற்பவர் கவனிக்கவேண்டியது நோயாளியின் கால்களை. இரண்டு முழங்காலையும் மடிக்கச் சொல்லிப் பாருங்கள். காலையில் மடித்தவர் மாலையில் மடிக்க ஏலாமல் போனால் உடனே மிஸ்ஸைக் கூப்பிடுங்கள். மருந்து கூடியதாகவே பெரும்பாலும் இருக்கும். ஆனால் பம்பை நிறுத்தி 4 மணித்தியாலமாகியும் பலம் திரும்பாவிட்டால், உள்ளே இரத்தம் கட்டி நரம்பை அமத்துகிறதா என்று அவசரமாக ஸ்கான் எடுக்கவேண்டும். பிந்தினால் கால் திரும்பாமலே போகலாம்.

குழாயைத் தாங்களே இழுக்காதீர்கள். இரத்தம் கட்டாமலிருக்க எனொக்சாபரின் ஊசி போடுபவருக்கு, கடைசி ஊசிக்கு 12 மணித்தியாலம் கழித்தே குழாயை எடுப்பார்கள். குழாயை எடுத்து 4 மணித்தியாலமாவது போனபின்தான் அடுத்த ஊசி. குழாயை எடுக்குமுன்பே நோவுக் குளிசையைத் தொடங்கிவிடவேண்டும், இல்லாவிட்டால் விறைப்பு விடும் நேரத்தில் நோவு ஒரேயடியாக ஏறும்.

வீட்டுக்குப் போனபின் காய்ச்சலோடு முதுகு நோவு, கால் விறைப்பு, சலம் போக ஏலாமை எது வந்தாலும் கிளினிக் நாள் வரை இருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முதுகில் குழாய் போட்டிருந்ததை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.