சராசரியை நம்பாதீர்கள்: ஏபிஐ லோட் டெஸ்ட் செய்வது எப்படி

உங்கள் ஏபிஐ (மற்ற புரோகிராம்கள் உங்கள் சர்வருக்கு ரிக்வெஸ்ட் அனுப்பிப் பதில் வாங்கும் வழி) எவ்வளவு வேகம் என்று கேட்டால் சராசரியைச் சொல்லித் தப்பிக்காதீர்கள். 100 ரிக்வெஸ்டில் 99க்கு 50 மில்லிசெகண்டில் பதில் போய், மிச்சம் ஒருவர் 5 விநாடி சுற்றும் வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாலும் சராசரி 99.5 மில்லிசெகண்ட்தான் வரும். அந்த ஒருவர் பி99க்கு (100இல் 99 ரிக்வெஸ்ட் முடிந்துவிடும் நேரம்) மேலே இருக்கிறார். பி50, பி95, பி99, அதிகபட்சம், நான்கையும் எடுங்கள்.

லோட் டெஸ்ட் என்பது நிஜக் கூட்டம் வருவதுபோல் ரிக்வெஸ்ட்களைக் குவித்துப் பார்ப்பது. அதைச் செய்யும் டூலை சர்வர் இருக்கும் மெஷினிலேயே ஓட்டக் கூடாது, இரண்டும் ஒரே சிபியுவுக்கு அடித்துக்கொள்ளும். டேட்டாபேஸில் நிஜ அளவுக்கு டேட்டா இருக்கட்டும். பத்து வரி உள்ள டேபிளில் இன்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் பட்டியல்) இல்லாத குவெரிகூடப் பறக்கும். ஜாவா சர்வீஸ் என்றால் ஜேஐடி (ஓடும்போதே கோடை வேகமாக்கும் கம்பைலர்) சூடாகும்வரை வரும் எண்களைத் தூக்கிப் போடுங்கள். ஜேமீட்டர் என்ற டெஸ்ட் டூலைப் பயன்படுத்தினால் ஜியூஐயில் (அதன் விண்டோவில்) ஸ்கிரிப்ட் எழுதுவதோடு சரி, ஓட்டுவது கமாண்ட் லைனில்.

இனி பலரும் சறுக்கும் இடம். அப்பாச்சி பெஞ்ச் போன்ற டூல்கள் ஒரு ரிக்வெஸ்ட் அனுப்பி, பதில் வந்த பிறகுதான் அந்த கனெக்‌ஷனில் அடுத்ததை அனுப்பும். சர்வர் 10 விநாடி உறைந்துபோனால் டூலும் கூடவே கை கட்டி நிற்கும். 50 கனெக்‌ஷன் என்றால் 50 ரிக்வெஸ்ட்தான் தாமதக் கணக்கில் ஏறும். ஆனால் நிஜ உலகில் விநாடிக்கு 100 பேர் வருகிறார்கள் என்றால் அவர்கள் சர்வருக்காகக் காத்திருந்தா வருவார்கள்? அந்த 10 விநாடியில் 1000 பேர் வந்து மாட்டியிருப்பார்கள். டூல் இப்படி சர்வரோடு சேர்ந்து நின்று, மோசமான எண்களைத் தவறவிடுவதற்கு ஜாவா செயல்திறன் நிபுணர் கில் டெனே வைத்த பெயர் 'கோஆர்டினேட்டட் ஒமிஷன்'. தீர்வு, பதில் வந்தாலும் வராவிட்டாலும் குறித்த வேகத்தில் ரிக்வெஸ்ட் அனுப்பும் டூல்: டபிள்யூஆர்கே2, அல்லது கே6இல் 'கான்ஸ்டன்ட் அரைவல் ரேட்'.

விநாடிக்கு 50இல் தொடங்கி 100, 200 என்று ஏற்றுங்கள், ஒவ்வொரு படியிலும் சில நிமிடம் நிறுத்தி. பி99 திடீரென எகிறும் படியில் சிபியு சும்மா இருந்தால், முதலில் டேட்டாபேஸ் கனெக்‌ஷன் பூலை (திறந்து வைத்து மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் கனெக்‌ஷன்களின் தொகுப்பு) பாருங்கள். லிட்டில் விதிப்படி (வரும் வேகம் × தங்கும் நேரம் = உள்ளே இருக்கும் எண்ணிக்கை) விநாடிக்கு 200 ரிக்வெஸ்ட், ஒவ்வொன்றும் கனெக்‌ஷனை 0.1 விநாடி பிடித்து வைத்தால், எந்த நேரத்திலும் 20 கனெக்‌ஷன் வேலையில் இருக்கும். பூலில் 10தான் இருந்தால் மீதி வரிசையில் நிற்கும்.

அப்புறம், எர்ரர்களைத் தனியாக எண்ணுங்கள். ஒரு முறை ஒரே இரவில் பி99 பாதியாகக் குறைந்துவிட்டது என்று டீம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்; லாகைத் திறந்தால், வந்த பதில்களில் பெரும்பாலானவை 503, 'இப்போது முடியாது' என்று சட்டெனத் திரும்பிய எர்ரர்.