நான்கு எண்களை வைத்து ஒரு சட்டத்தின் விளைவை அளப்பது எப்படி?

குறைந்தபட்ச ஊதியத்தை உயர்த்தினால் முதலாளிகள் ஆள் குறைப்பார்களா? பொருளாதாரத்தில் இந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. ஆனால் விடை தேட ஆய்வாளர்கள் பயன்படுத்தும் முறையைக் கழித்தல் தெரிந்த யாரும் செய்து பார்க்கலாம். டிஃபரன்ஸ் இன் டிஃபரன்சஸ் என்று அதற்குப் பெயர். இங்கே சுருக்கமாக இரட்டைக் கழித்தல் என்கிறேன். காகிதமும் பென்சிலும் போதும். கற்பனை எண்கள் வேண்டாம், புகழ்பெற்ற ஓர் ஆய்வின் எண்களையே எடுத்துக்கொள்வோம்.

படி 1: மாற்றம் எங்கே வந்தது, எங்கே வரவில்லை?

1992 ஏப்ரல் 1 அன்று அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்ந்தது. பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவில் அதே 4.25 டாலர்தான் நீடித்தது. டேவிட் கார்ட், ஆலன் க்ரூகர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் நியூ ஜெர்சியிலும் கிழக்குப் பென்சில்வேனியாவிலுமாக 410 துரித உணவகங்களிடம் விவரம் திரட்டினார்கள். உயர்வுக்குச் சற்று முன் ஒரு முறை, அந்த ஆண்டின் கடைசியில் மறுமுறை. ஆய்வு 1994இல் வெளிவந்தது. (கார்டுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. க்ரூகர் அதற்கு முன்பே, 2019இல் இறந்துவிட்டார்.)

ஏன் துரித உணவகம்? குறைந்த கூலிக்கு நிறையப் பேரை வைத்திருக்கும் தொழில் அது. சங்கிலிக் கடைகள் என்பதால் வேலையும் விற்கும் பண்டமும் எங்கும் ஏறக்குறைய ஒன்றே. டிப்ஸ் தொல்லையும் இல்லை, ஆகவே கூலியைச் சுலபமாக அளக்கலாம்.

நீங்கள் எந்தச் சட்டத்தை ஆராய்ந்தாலும் காகிதத்தில் முதலில் நான்கு விஷயங்களை எழுதுங்கள்: மாற்றம் எது, தேதி எது, அது யாரைத் தொட்டது, யாரைத் தொடவில்லை. நான்காவதற்கு விடை கிடைக்கவில்லை என்றால் இந்த முறை அங்கே உதவாது.

படி 2: எதை எண்ணுவது?

தலைகளை மட்டும் எண்ணினால் ஏமாந்துபோவோம். முழுநேர ஆள் ஒருவரை எடுத்துவிட்டு இரண்டு பகுதிநேர ஆட்களைப் போட்டால் தலைக்கணக்கு கூடும், வேலையின் அளவு கூடாது. அதனால் முழுநேர ஊழியரை 1 என்றும் பகுதிநேர ஊழியரை அரை என்றும் கணக்கிட்டார்கள். இடையில் நிரந்தரமாக மூடிய கடைகளையும் தூக்கிப் போடவில்லை, அவற்றின் ஊழியர் எண்ணிக்கையைப் பூஜ்யமாகச் சேர்த்தார்கள். புதிதாகப் பழகுபவர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குவார்கள். பிழைத்த கடைகளை மட்டும் பார்த்தால் எந்தச் சட்டமும் நல்ல சட்டமாகத்தான் தெரியும்.

படி 3: கட்டம் போடுங்கள்

ஒரு கடைக்குச் சராசரி ஊழியர் எண்ணிக்கை:

நியூ ஜெர்சி: முன்பு 20.44, பின்பு 21.03
பென்சில்வேனியா: முன்பு 23.33, பின்பு 21.17

படி 4: இரண்டு முறை கழியுங்கள்

நியூ ஜெர்சியில் மாற்றம் 0.59. பென்சில்வேனியாவில் மைனஸ் 2.16. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் 2.75. ஆய்வில் 2.76 என்று இருக்கும். தசமங்களை முழுமைப்படுத்தியதால் வந்த வித்தியாசம் அது.

சரி, இதற்கு என்ன அர்த்தம்? கூலி ஏறிய மாநிலத்தில், ஏறாத மாநிலத்தோடு ஒப்பிட, கடைக்குச் சுமார் 2.76 ஊழியர்கள் கூடுதல். ஆள்குறைப்பு நடக்கும் என்ற எதிர்பார்ப்புக்கு நேர்மாறான முடிவு. ஆனால் கட்டத்தை இன்னொரு முறை பாருங்கள். நியூ ஜெர்சி அரை ஆளுக்குச் சற்று மேல்தான் நகர்ந்திருக்கிறது. 2.76இல் பெரும்பங்கு பென்சில்வேனியாவின் சரிவிலிருந்து வந்தது. அதாவது, சட்டம் வராத இடத்தில் நடந்ததுதான் முடிவைத் தீர்மானிக்கிறது. இந்த வகை ஆய்வு எதைப் படித்தாலும் நான் முதலில் பார்ப்பது ஒப்பீட்டுக் குழுவின் எண்களைத்தான்.

படி 5: ஒப்பீட்டைச் சோதியுங்கள்

கழித்தலுக்குப் பின்னால் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது: சட்டம் வராமல் இருந்திருந்தால் நியூ ஜெர்சியும் பென்சில்வேனியாவைப் போலவே சரிந்திருக்கும். இதை நேரடியாக நிரூபிக்க வழியே இல்லை. வேறொரு ஒப்பீட்டை எடுத்துக் குறுக்குக் கேள்வி கேட்கலாம்.

கார்டும் க்ரூகரும் அதைச் செய்தார்கள். நியூ ஜெர்சிக்குள்ளேயே சில கடைகள் உயர்வுக்கு முன்பே 5 டாலரோ அதற்கு மேலோ கொடுத்துவந்தன. சட்டம் அவற்றை அவ்வளவாகத் தொடவில்லை. அங்கே சராசரி 22.25இலிருந்து 20.21ஆகக் குறைந்தது, சரிவு 2.04. பென்சில்வேனியாவின் 2.16க்கு மிகப் பக்கத்தில்! 4.25 டாலர் கொடுத்துவந்த கடைகளிலோ 19.56, 20.88ஆக ஏறியது. ஒப்பீடு மாறியும் முடிவின் திசை மாறவில்லை.

எப்போதும் இப்படி ஒத்துப்போகாது. சாப்பாட்டு விலையை எடுத்துக்கொள்ளுங்கள். பென்சில்வேனியாவோடு ஒப்பிட்டால் நியூ ஜெர்சியில் விலை கூடுதலாக உயர்ந்தது, சுமார் 4 சதவீதம். கூலிச் சுமை வாடிக்கையாளர் தலையில் விழுந்தது என்று சொல்லத் தோன்றும். ஆனால் மாநிலத்துக்குள் பார்த்தால் முன்பே நல்ல கூலி கொடுத்த கடைகளிலும் விலை அதே வேகத்தில் ஏறியிருந்தது. இரண்டு ஒப்பீடுகள் முரண்பட்டால் அடக்கி வாசிப்பதே நல்லது.

படி 6: தற்செயலா?

ஆய்வில் 2.76க்குப் பக்கத்தில் திட்டப்பிழை (தற்செயலால் ஒரு எண் எவ்வளவு முன்பின் ஆடக்கூடும் என்பதன் அளவு) 1.36 என்று இருக்கும். எண்ணைத் திட்டப்பிழையால் வகுங்கள். விடை 2ஐத் தாண்டினால் தற்செயல் என்று ஒதுக்குவது கடினம் என்பது நடைமுறை வழக்கம். இங்கே 2.03. எல்லையை உரசிக்கொண்டு தாண்டுகிறது, அவ்வளவுதான்.

படி 7: மறுப்பையும் படியுங்கள்

டேவிட் நியூமார்க், வில்லியம் வாஷர் என்ற பொருளாதார அறிஞர்கள் இருவரும் சம்பளப் பதிவேடுகளைத் திரட்டி, நியூ ஜெர்சியில் வேலைவாய்ப்பு குறைந்தது என்று 2000இல் ஓர் ஆய்விதழில் எழுதினார்கள். அதே இதழில் கார்டும் க்ரூகரும் அரசுத் தரவுகளைக் காட்டிப் பதில் கொடுத்தார்கள். குறைந்தது என்று சொல்ல ஆதாரம் இல்லை என்பது அவர்கள் வாதம். இரண்டு பக்கமும் செய்தது ஏறக்குறைய இதே கழித்தல்தான். தரவு எங்கிருந்து வந்தது என்பதில்தான் தகராறு.

பயிற்சி

ஸ்டாக்ஹோமில் 2006 ஜனவரி முதல் ஜூலை வரை நகர மையத்துக்குள் நுழையும், வெளியேறும் வண்டிகளுக்குச் சோதனை முறையில் நெரிசல் கட்டணம் வசூலித்தார்கள். எல்லையைக் கடக்கும் போக்குவரத்து ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்தது. இதற்கு நான்கு கட்டம் போட வேண்டும் என்றால் எந்தச் சாலைகளை ஒப்பீட்டுக் குழுவாக வைப்பீர்கள்? எல்லைக்குச் சற்று வெளியே உள்ள சாலைகளைத்தான் பலரும் முதலில் சொல்வார்கள். அப்புறம் யோசித்தால் சிக்கல் தெரியும்: கட்டணத்துக்குப் பயந்து சுற்றிப்போகும் வண்டிகள் அந்தச் சாலைகளுக்குத்தானே வரும்? அப்படியானால் சட்டம் அவற்றையும் தொட்டுவிட்டது. படி 1இன் நான்காவது கேள்விக்கு வேறு விடை தேடுங்கள்.