வலியைக் கணக்கு எழுதினேன்

ஏழு வருட முதுகுவலி. லண்டனில் ஐந்து நாள் வேலையை மூன்றாகக் குறைத்ததும் வாடகைதான் பயமுறுத்தியது. நீண்டகால நோயோ உடல் குறைபாடோ உள்ளவர்களுக்கு பிரிட்டிஷ் அரசு தரும் பிப் (PIP) உதவித்தொகை வேலையில் இருப்பவர்களுக்கும் உண்டு, சம்பளம் பார்த்துத் தருவதில்லை என்று அப்புறம்தான் தெரிந்தது.

முதல் விண்ணப்பத்தில் சமையல் பற்றிய கேள்விக்கு 'சமைப்பேன்' என்று எழுதினேன். நம் ரோஷம்! நிராகரித்துவிட்டார்கள். பாதுகாப்பாக, நியாயமான நேரத்துக்குள், தேவைப்படும்போதெல்லாம் செய்ய முடிந்தால்தான் 'முடியும்' என்று கணக்காம்.

சரி என்று இரண்டு வாரம் நோட்டில் குறித்தேன். வெங்காயம் நறுக்க ஸ்டூல், குக்கரை இறக்க மகன், பிறகு ஒரு மணி நேரம் படுக்கை. அதை இணைத்து, ஒரு மாதக் கெடுவுக்குள் மறுபரிசீலனை கேட்டேன். பிப்பின் அன்றாட வாழ்க்கைப் பிரிவில் பணம் கிடைக்கத் தேவையான 8 புள்ளிகள் சரியாகக் கிடைத்தன.