செவலைக் கன்றை வினைல் பொம்மைக்கு வரைவது எப்படி

சேகரிப்பவர்கள் வாங்கிவைக்கும் வினைல் (மென் பிளாஸ்டிக்) பொம்மைக்காக எங்கள் கன்று செவலையை வரைந்தேன். முதல் படத்தைக் காட்டியபோது அப்புச்சி (அம்மாவின் அப்பா) நெடுநேரம் பார்த்தார். "காளை நன்றாக இருக்கிறது கண்ணு. நம் செவலை எங்கே?" என்றார். நான் வரைந்திருந்தது கண்ணபுரம் சந்தைக்கு வரும் காங்கேயம் காளை: உயர்ந்த திமில், விரிந்த கொம்பு. எங்கள் கட்டுத்தரையில் நின்றதோ நான்கு மாதக் கிடாரிக் கன்று.

அதனால் பென்சிலை எடுக்கும் முன் ஒரு வாரம் உங்கள் பிராணியோடு உட்காருங்கள். வீட்டார் அதை எதைக் கொண்டு அடையாளம் சொல்கிறார்கள் என்று எழுதிவையுங்கள். எங்கள் செவலைக்கு இடது காது நுனியில் ஒரு பிளவு. கொறங்காட்டு (மேய்ச்சல் நிலத்து) கிளுவை முள்வேலி கிழித்தது. தாடைக்கு அடியில் சொறிந்துவிடச் சொல்லிக் கழுத்தை நீட்டுவாள். இந்த இரண்டு அடையாளம் போதும். 1999-இல் அமெரிக்க ஓவியர் காஸ் (KAWS) ஜப்பானில் வெளியிட்ட கம்பேனியன் பொம்மையைக் கண்ணின் இடத்தில் இருக்கும் பெருக்கல் குறியை வைத்தே எவரும் சொல்லிவிடுவார்கள்.

அடுத்து, பொம்மை எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். உலோக அச்சுக்குள் வினைல் குழம்பை ஊற்றிச் சூடேற்றுவார்கள். ஓரத்தில் படலம் இறுகியதும் மிச்சத்தைக் கொட்டிவிட்டு, மறுபடி சூடேற்றி, வளையும் பதத்தில் இருக்கும்போதே இடுக்கியால் உருவி எடுப்பார்கள். உள்ளே வெற்றாக இருக்கும். மெல்லிய நுனிகளில் காற்று சிக்கிக் குழம்பு போய்ச் சேராது. ஆகவே காதைக் கட்டை விரல் தடிமனுக்கு உப்ப வரைந்தேன். பிளவையும் உள்ளதைவிட அகலமாக்கினேன். நான்கு காலில் நிற்கவைத்தால் தொல்லை அதிகம் என்பதால், முன்னங்காலை மடக்கிப் படுத்துக் கழுத்தை நீட்டும் நிலையைத் தேர்ந்தேன். வாலை உடம்போடு ஒட்டிவிட்டேன். தலையும் உடலும் தனித்தனி வார்ப்பு. இரண்டும் சேரும் கோடு கழுத்துக் கயிற்றுக்கு அடியில் மறைந்துவிடும். இது எனக்கு மிகவும் பிடித்த இடம்.

முன், பின், மேல், இரு பக்கங்கள் என ஐந்து கோணங்களையும் ஒரே அளவில் வரையுங்கள். ஒரு பக்கத்தை வரைந்து கண்ணாடிபோல் திருப்பிவிடக் கூடாது. பிளவு இடது காதில் மட்டுமே இருக்கிறது. மூக்கு, கண், முதுகு மட்டங்களுக்கு அளவுகோல் வைத்துக் குறுக்குக் கோடு இழுத்தால் பிசகு உடனே தெரியும். உயரத்தைச் சென்டிமீட்டரில் எழுதுங்கள். என்னுடையது 10.

வண்ணத்தில் எனக்குத் திருப்பூர் கைகொடுத்தது. பனியன் பிரிண்டிங்குக்குக் கலர் பிரிப்பது என் தொழில். அங்கே ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன் (அச்சிடும் வலைச் சட்டம்). இங்கே ஸ்பிரே அடிக்கும்போது, அந்தந்த இடத்தை மட்டும் திறந்துவிட்டு மற்றதை மூடும் மறைப்பு ஒன்று வேண்டும். நிறம் கூடக் கூடச் செலவும் கூடும். செவலை நிறத்தை வினைலிலேயே கலக்கச் சொல்லிவிட்டால் உடம்புக்குப் பெயின்ட் வேண்டாம். கண், மூக்கு, குளம்புக்குக் கருப்பு, கயிற்றுக்கு மஞ்சள். உடம்பு மங்கலாக இருக்கட்டும். மூக்கு நுனிக்கு மட்டும் பளபளப்புப் பூச்சு கேளுங்கள். கன்றின் மூக்கு எப்போதும் ஈரமாக அல்லவா இருக்கிறது! நிறத்தைப் பான்டோன் எண்ணில் (ஒவ்வொரு நிறத்துக்கும் எண் தரும் அட்டவணை) குறியுங்கள். கணினித் திரையில் தெரிவதை நம்ப வேண்டாம்.

காங்கேயம் கன்று செவலையாகப் பிறந்து, ஆறு மாத வாக்கில் சாம்பல் நிறத்துக்கு மாறத் தொடங்கும். அதனால் அதே அச்சில் சாம்பல் வினைல் ஊற்றி, முழங்காலிலும் குளம்புக்கு மேலும் கருமை அடித்து, மயிலையாகவும் ஒன்று வரைந்திருக்கிறேன். சேகரிப்பவர்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார்கள்.

உலோக அச்சு செய்துவிட்டால் திருத்துவது பெரும் செலவு. அதற்கு முன்பே, அச்சுக்கு அடிப்படையாகும் மூல வடிவத்தை வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு காதைத் தடவிப் பாருங்கள். பிளவு விரலில் தட்டுப்பட்ட பிறகே சம்மதம் சொல்லுங்கள்.