லேத்தில் கண்ட்ரோல் சார்ட் போடுவது எப்படி

கண்ட்ரோல் சார்ட் என்பது, அளவுகளை நேர வரிசையில் புள்ளிகளாகக் குறித்து, மெஷின் சீராக ஓடுகிறதா என்று பார்க்கும் வரைபடம். 25 மி.மீ. ஷாஃப்ட் (உருளைத் தண்டு) கடையும்போது நான் முதலில் பார்ப்பது, விட்டம் அளக்கும் மைக்ரோமீட்டரின் ஜீரோவை. அது தப்பினால் மற்ற எதையும் நம்ப முடியாது.

அப்புறம், மணிக்கு ஒருமுறை அடுத்தடுத்து வரும் 5 ஷாஃப்ட்டுகளை எடுங்கள். நல்லதாகப் பொறுக்கக் கூடாது. சூட்டோடு அளக்கவும் வேண்டாம்: 20 டிகிரி கூடுதல் சூட்டில் 25 மி.மீ. எஃகு ஏறக்குறைய 6 மைக்ரான் பெருத்திருக்கும். ஒருமுறை அவசரப்பட்டு அப்படி அளந்து ஆஃப்செட் (வெட்டும் கருவியின் நிலையில் செய்யும் திருத்தம்) போட்டேன். ஆறியபின் ஒரு தட்டு முழுக்க அளவு குறைந்து கழிவாகிவிட்டது. இன்றும் மனசு கேட்கவில்லை.

ஐந்தின் சராசரியையும், பெரியதற்கும் சிறியதற்கும் உள்ள வித்தியாசமான வீச்சையும் குறியுங்கள். இப்படி ஐந்தைந்தாக 25 தொகுதி சேர்ந்ததும் சராசரி வீச்சை 0.577ஆல் (ஐந்து பேர் கொண்ட தொகுதிக்கான மாறா எண்) பெருக்கி, மொத்தச் சராசரியோடு கூட்டினால் மேல் எல்லை, கழித்தால் கீழ் எல்லை. டிராயிங் டாலரன்ஸை (டிராயிங்கில் அனுமதித்த அளவு வித்தியாசத்தை) இங்கே எல்லையாகப் போடவே கூடாது. அது வாடிக்கையாளர் கேட்பது; இது மெஷின் செய்து காட்டுவது.

புள்ளி எல்லை தாண்டினால் மெஷினை நிறுத்திக் காரணம் தேடுங்கள். உள்ளேயே இருந்தாலும் விடாமல் ஏறிக்கொண்டே போனால், பெரும்பாலும் இன்செர்ட் (வெட்டும் முனை) தேய்கிறது. சும்மா மேலும் கீழும் ஆடினால் ஆஃப்செட்டைத் தொடாதீர்கள். தொட்டால் ஆட்டம் கூடும். செய்த மாற்றம் எதுவானாலும், நேரத்தோடு சார்ட்டின் ஓரத்தில் எழுதுங்கள்.