பாலையைப் பச்சையாக்கப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்

ஊர்ப் பொட்டலில் ஜேசிபி வைத்துக் குழி தோண்டி, வரிசையாகக் கன்று நட்டு, பெயர்ப்பலகையோடு படம் எடுத்துக்கொள்வது இப்போது எங்கும் நடக்கிறது. மனசு நல்ல மனசுதான். ஆனால் வறண்ட நிலத்து உயிர்கள் குறைந்துபோனதில் கோடரிக்கும் துப்பாக்கிக்கும் எவ்வளவு பங்கு உண்டோ, அந்த நல்ல மனசுக்கும் கிட்டத்தட்ட அவ்வளவு பங்கு உண்டு என்பேன். ராஜஸ்தானின் தார் பாலைவனமும் பக்கத்திலுள்ள குஜராத்தின் கட்ச் பகுதியும் இதற்குச் சரியான சாட்சிகள். அங்கே நல்ல மனசோடு திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

புல்வெளியைத் தரிசு என்று எழுதுவது

மற்ற தவறுகளுக்கெல்லாம் இதுதான் தாய். வெள்ளையர் ஆட்சியில் வரி தராத நிலமெல்லாம் தரிசுக் கணக்கில் போனது. அந்தக் கணக்கு இன்னும் நேராகவில்லை. மத்திய அரசின் தரிசுநில வரைபடத் தொகுப்பில் முட்புதர் நிலமும் மணல்மேடும் இன்றும் தரிசு வகைகள்தான். காகிதத்தில் அப்படி விழுந்துவிட்டால் அப்புறம் அந்த நிலத்தை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம்.

தாரின் நடுவே ஜெய்சல்மேர் பக்கம் ஆண்டு மழை 200 மில்லிமீட்டரை ஒட்டித்தான் பெய்யும். அங்கே சேவண் என்றொரு புல் வளர்கிறது. கோடையில் பார்த்தால் தேய்ந்துபோன துடைப்பக்கட்டையை மண்ணில் செருகி வைத்த மாதிரி இருக்கும். காற்று கொண்டுவந்த மணல் தூரைச் சுற்றிச் சின்ன மேடாகச் சேர்ந்திருக்கும். செத்துவிட்டது என்று நினைப்போம். ஆனால் வேர் உயிரோடு இருக்கும். ஒரு மழை விழுந்தால் அதே தூரிலிருந்து துளிர்க்கும். பல ஆண்டுகள் வாழும் புல் அது. தூரின் நிழலில் வண்டும் பல்லியும், இடைவெளியில் எலி வளைகளும், எலியைத் தேடி நரியும் கழுகும் என்று ஒரு முழு ஊரே அங்கே இருக்கிறது. கானமயில் (மயில் இல்லை, Great Indian Bustard என்கிற பெரிய தரைப்பறவை) அந்தப் புல்வெளியின் வெறுந்தரையில்தான் பெரும்பாலும் ஒரே ஒரு முட்டை இடும். கூடு கட்டுகிற வேலையெல்லாம் கிடையாது. டிராக்டரின் தட்டுக்கலப்பை ஒரு தடவை ஓடினால் புல் தூரோடு போய்விடும்.

ஆக, மண்வெட்டியை எடுக்கும் முன் ஒரு மழைக்காலம் முழுக்க அந்த நிலத்தைச் சும்மா பாருங்கள். என்ன முளைக்கிறது, யார் மேய்க்க வருகிறார்கள், என்ன பறவை இறங்குகிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

எது வளர்ந்தாலும் சரி என்று நடுவது

கட்ச் மாவட்டத்தில் பன்னி என்ற புல்வெளி இருக்கிறது, சுமார் 2,500 சதுர கிலோமீட்டர். ரண் உப்புநிலம் உள்ளே பரவாமல் தடுக்க 1961இல் அங்கே வனத்துறை சீமைக்கருவேலத்தை நட்டது. அதன் காயை மாடு தின்னும். விதை செரிக்காமல் சாணத்தோடு வெளியேறி, மாடு போகிற இடமெல்லாம் முளைக்கும். இன்று பன்னியின் பெரும்பகுதியில் முள்தான். இதே காயை அதிகமாகத் தின்ற காங்ரேஜ் மாடுகள் நோய்ப்பட, எருமைக்கு அவ்வளவு பாதிப்பில்லை என்பதால் மால்தாரி இடையர்கள் பலர் எருமைக்கு மாறினார்கள். ஒரு மரம் வந்து ஒரு சமூகத்தின் மந்தையையே மாற்றிவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், அதன் தூரத்து உறவான வன்னி அதே பாலையின் சொந்த மரம். நம் சிவன் கோயில்கள் சிலவற்றில் தல மரமாக நிற்கும் அதே வன்னிதான். வேர் ஆழமாகப் போவதால் அடியில் கம்பு விளையும், கிளையைக் கழித்தால் ஆட்டுக்குத் தழை, காயைப் பறித்தால் சாங்ரி என்ற கறி. இவ்வளவு இருந்தும் அது மெதுவாக வளரும். திட்ட அறிக்கைக்கு அவசரம், அதனால் வேகமாக வளரும் வெளியூர் மரம் ஜெயித்தது.

வெட்டும்போதும் தவறு நடக்கிறது. 2017இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவுக்குப் பிறகு தென்மாவட்டங்களில் ஊர் ஊராகச் சீமைக்கருவேலம் அகற்றினார்கள். அதே ஆண்டில் அதற்கு இடைக்காலத் தடையும் வந்தது. தரைக்கு மேல் வெட்டினால் ஒரு தண்டு இருந்த இடத்தில் நாலைந்து தண்டு கிளம்பும். வேர்க்கட்டையைத் தோண்டி எடுத்தாலும் மண்ணுக்குள் விதை கிடக்கும். எடுத்த இடத்தில் உள்ளூர்ப் புல்லை வரவழைத்து, சில ஆண்டுகள் நாற்று நாற்றாகப் பிடுங்க ஆள் இல்லையென்றால் அந்தச் செலவே வீண். கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிறவர்கள் ராமநாதபுரத்திலும் உண்டு, கட்சிலும் உண்டு. அவர்களிடம் பேசாமல் இதில் இறங்குவது இன்னொரு தவறு.

நடுவதே தப்பா என்று கேட்டால், பல இடங்களில் நடத் தேவையே இல்லை. ஆப்பிரிக்காவின் நைஜர் நாட்டில் வயல்களுக்கு அடியில் பழைய மரங்களின் வேர்க்கட்டைகள் உயிரோடு இருந்தன. ஆண்டுதோறும் உழும்போது வெட்டி எறிந்த துளிர்களில் சிலவற்றை வெட்டாமல் விடும் வழக்கம் 1980களில் விவசாயிகளிடையே பரவியது. ஏறத்தாழ 50 லட்சம் ஹெக்டேரில் மரங்கள் திரும்பி வந்தன. நாற்றங்காலும் இல்லை, தண்ணீர் லாரியும் இல்லை.

தண்ணீர் விட்டால் எல்லாம் சரியாகும் என்று நினைப்பது

இந்திரா காந்தி கால்வாயின் வேலை 1958இல் தொடங்கியது. பஞ்சாபின் ஹரிகே அணைக்கட்டிலிருந்து ஜெய்சல்மேர் மாவட்டம் வரை அது தண்ணீர் கொண்டுபோகிறது. குடிநீருக்குப் பல மைல் நடந்த மக்களிடம் போய் அது வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் விலையும் தெரிய வேண்டும். பாசனம் ஏறிய இடங்களில் சேவண் புல்வெளி வயலானது, சில பகுதிகளில் நீர் தேங்கி உப்பு மேலே வந்தது, ஈரம் தாங்காத பாலை எலிகளும் முள்வால் பல்லிகளும் விலக, ஈரநிலத்து எலிகள் குடியேறின.

கோடையில் விலங்குகளுக்குத் தொட்டி கட்டுவதிலும் இதே சிக்கல் உண்டு. தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் பூங்காவில் வறண்ட வடபகுதியில் செயற்கை நீர்நிலைகள் அமைத்தார்கள். வரிக்குதிரைகள் திரளாக வந்தன, அவற்றைத் தொடர்ந்து சிங்கங்கள் வந்தன, அங்கே ஏற்கெனவே குறைவாக இருந்த ரோன் மான்கள் மளமளவென்று சரிந்தன. கடைசியில் பல நீர்நிலைகளை மூடினார்கள்.

மேய்ப்பவர்களை விரட்டுவது

ராஜஸ்தானின் கிழக்கு ஓரத்தில் உள்ள பரத்பூர் ஈரநிலத்தில் 1982இல் மேய்ச்சலைத் தடுத்தார்கள். எதிர்த்த ஊர்மக்கள் மீது போலீஸ் சுட்டதில் உயிர்கள் போயின. எருமைகள் இல்லாததால் ஒரு வகைப் புல் நீர்ப்பரப்பை அடைத்துக்கொண்டது. தடை பறவைகளுக்கே கெடுதல் என்று பிறகு ஆய்வில் தெரிந்தது. அளவு மீறிய மேய்ச்சல் கெடுதல்தான், ஒரேயடியான தடையும் அப்படியே.

மேற்கு ராஜஸ்தானில் ஓரண் என்று சாமிக்கு விட்ட நிலங்கள் உண்டு. ஆடு மாடு மேயலாம், விழுந்த விறகு பொறுக்கலாம், பச்சை மரத்தில் கோடரி படக்கூடாது. பல ஓரண்கள் வருவாய்ப் பதிவேட்டில் ஓரணாக ஏறவே இல்லை. 2024 டிசம்பரில்தான் உச்ச நீதிமன்றம் இவற்றைக் கணக்கெடுத்துக் காடாக அறிவிக்கும்படி ராஜஸ்தான் அரசுக்கு உத்தரவிட்டது. 1730இல் ஜோத்பூர் அருகே கேஜர்லியில் வன்னி மரங்களைக் கட்டிப்பிடித்து நின்ற அம்ரிதா தேவி உட்பட 363 பிஷ்ணோய் மக்கள் வெட்டுப்பட்டார்கள் என்பது அந்த ஊர் மறக்காத கணக்கு. அப்படிப்பட்ட இடத்தில் போய் விழிப்புணர்வு முகாம் போடுவதைவிட, பட்வாரி (ஊர் நிலக்கணக்கர்) அலுவலகத்தில் அவர்களுடைய ஓரண் ஒன்றைப் பதிவேட்டில் ஏற்ற உதவுவது மேல்.

சூரிய மின்சாரம் எங்கே வந்தாலும் நல்லது என்பது

மேற்கு ராஜஸ்தானின் பட்லா சூரியப் பூங்கா மட்டும் 2,245 மெகாவாட். இந்தப் பக்கத்துப் பறவைகளுக்குத் தகடுகளைவிட மின்கம்பிகள்தான் பெரிய தொல்லை. கானமயிலின் கண் பக்கவாட்டில் நன்றாகப் பார்க்கும், நேர் எதிரே குறைவாகத்தான் தெரியும். ஆண் 15 கிலோ வரை எடை இருக்கும். கம்பி கிட்டே தெரிந்த பிறகு சட்டென்று திரும்ப முடியாது. ஒரு காலத்தில் தமிழகம் வரை இருந்த இந்தப் பறவை இன்று 150 அளவில்தான் மிஞ்சியிருக்கிறது, பெரும்பாலும் ஜெய்சல்மேரில். 2021இல் உச்ச நீதிமன்றம் அதன் வாழிடங்களில் கம்பிகளை மண்ணுக்கடியில் கொண்டுபோகச் சொன்னது. 2024இல் அதைத் தளர்த்தி நிபுணர் குழுவிடம் விட்டது. சூரிய மின்சாரம் வேண்டும், சந்தேகமில்லை. கூரைகளும் கால்வாய்களின் மேற்பரப்பும் காலியாக இருக்கும்போது சேவண் புல்வெளியைத் தேர்வு செய்வதைத்தான் கேட்கிறேன்.

சுற்றுலாக் கூடாரங்களின் எச்சில் இலையில் வளரும் தெருநாய்கள் சிங்காரா மானையும் தரையில் கிடக்கும் முட்டையையும் விடுவதில்லை. மணல்மேட்டில் ஜீப் ஓட்டுவது பற்றித் தனியாகச் சொல்லவும் வேண்டுமா?

கூண்டில் பெருக்கினால் போதும் என்று இருப்பது

ஜெய்சல்மேர் அருகே சாம் என்ற இடத்தில் 2019 முதல் கானமயில் இனப்பெருக்க மையம் இயங்குகிறது. காட்டிலிருந்து எடுத்த முட்டைகளில் தொடங்கி, 2024இல் செயற்கைக் கருவூட்டலில் ஒரு குஞ்சு பொரிக்கும் அளவுக்கு வந்துவிட்டார்கள். பெரிய சாதனைதான். ஆனால் அந்தக் குஞ்சுகளை வெளியே விடக் கம்பியும் கலப்பையும் நாயும் இல்லாத புல்வெளி வேண்டும். அந்தப் புல்வெளியில் எவ்வளவு இன்னும் பதிவேட்டில் தரிசாகவே இருக்கிறது என்பதை இப்போதே பார்த்துச் சரிசெய்யலாம், குஞ்சு வளரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.