பனிக்காலையில் நின்று நின்று போன பவர் வீடர்

ஊட்டி பக்கம் ஜனவரி உறைபனி. கேரட் பாத்தி போட எடுத்த பெட்ரோல் பவர் வீடர் (மண்ணைக் கிளறிக் களை எடுக்கும் சின்ன வண்டி) காலையில் சோக் போட்டுக் கயிறை இழுத்ததும் ஓடும், ஐந்தாறு நிமிடத்தில் திணறி நின்றுவிடும். மதியம் எந்தக் கோளாறும் இல்லை. நான்கு நாள் வேலை கெட்டது.

ஸ்பார்க் பிளக் மாற்றினேன். ஏர் ஃபில்டர் கழுவினேன். கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்த மெக்கானிக் அண்ணன், "இங்க ஒண்ணும் இல்ல தம்பி" என்று சொல்லிவிட்டார்.

ஐந்தாம் நாள் வண்டி நின்றதும், பெட்ரோல் இருக்கிறதா என்று டேங்க் மூடியைத் திறந்தேன். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்தது. அங்கேதான் சங்கதி. மூடியில் காற்று போக ஓர் ஊசித்துளை உண்டு. தினமும் சாயங்காலம் சேறு போக வண்டியைக் கழுவுவேன்; துளையில் தங்கிய தண்ணீர் ராத்திரி உறைந்து, அரிசிக் குருணை அளவு பனிக்கட்டியாக அடைத்திருந்தது. காற்று போகாமல் பெட்ரோல் இறங்கவில்லை. வெயில் ஏறினால் தானாக உருகிவிடும், அதனால்தான் மதியம் ஓடியது.

மூடியை வெந்நீரில் காட்டி, ஊதி, துடைத்துப் போட்டேன். உடனே சரியானது. இப்போது கழுவும்போது மூடிமேல் பிளாஸ்டிக் பை கட்டிவிடுகிறேன். ராத்திரி சாக்கு போர்த்தி உள்ளே நிறுத்துகிறேன்.